யாருடைய காதில் மைக்கை வைப்பது?

பதிவைக் கேட்டு முடித்ததும் அத்தை ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நன்றாகத்தான் இருக்கிறது. யாருடைய வீணை இது?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். அரை மணி நேரத்துக்கு முன்பு அவரே வாசித்த பேகடா ராகம் அது.

அத்தைக்கு அப்போது 71 வயது. கும்பகோணத்தில் ரேழி, கூடம், முற்றம் என்று இன்னும் இடிபடாமல் மிச்சமிருக்கும் பழைய வீடுகளில் ஒன்றில் வெகுகாலமாக வீணை சொல்லிக்கொடுக்கிறார். மேடை ஏறியவர் அல்லர். அவருடைய வாசிப்பு மாணவிகளின் நினைவிலும் அவர்களது கைபேசிகளிலும்தான் இருந்தது. கைபேசியில் கேட்டால் வீணையைத் தகர டப்பாவுக்குள் வைத்து மூடியதுபோல் இருக்கும். நான் கணக்குத் தணிக்கை வேலை பார்ப்பவன். ஒலிப்பதிவு என் தொழில் அல்ல. அத்தையின் கை ஓடும்போதே ஒழுங்காக நாலு பதிவு எடுத்து வைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு ஸ்டுடியோ கண்டென்சர் மைக்கும், அதைக் கணினியோடு இணைக்க, இரண்டு மைக்குகளைச் செருகக்கூடிய சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்கினேன். இந்த நான்கு ஆண்டுகளில் அந்த ஒரே மைக்கைக் கொண்டு வீணை, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல், ஒரு முறை நாகஸ்வரம் வரை பதிவு செய்தாயிற்று. வழியில் செய்த தவறுகளுக்குக் கணக்கில்லை. ஆனால் அவற்றில் பாதி, அத்தை கேட்ட அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததால் நேர்ந்தவை.

முதல் தவறு வெளியே சொல்ல வெட்கமானது. கச்சேரி மேடையில் பாடகர் முன்னால் இருக்கும் மைக்கின் நுனிதான் அதன் காது என்று பார்த்துப் பழகியவன் நான். இதையும் அப்படியே நுனி வீணைக் குடத்தைப் பார்க்கும்படி நீட்டிவைத்தேன். பெரிய சவ்வுள்ள இந்த வகை மைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு முகம் பக்கவாட்டில் இருக்கிறது. நிறுவனத்தின் முத்திரை பொறித்த பக்கம்தான் முன்புறம். நுனி வெறும் உச்சந்தலை. ஒரு வாரம் முழுக்க வீணையை உச்சந்தலையால் கேட்கவைத்துக்கொண்டிருந்தேன். ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாக இருக்க, மைக் மட்டமானது என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்பப் பெட்டியையும் எடுத்துவிட்டேன். பெட்டிக்கு அடியில் கிடந்த தாளில் எது முன்பக்கம் என்று அம்புக்குறியோடு படமே போட்டிருந்தார்கள்.

மேடையில் புழங்கும் டைனமிக் மைக்கில் சவ்வோடு ஒரு கம்பிச்சுருள் ஒட்டியிருக்கும். சவ்வு அசைந்தால் அந்தச் சுருளையும் காந்தத்துக்குள் இழுத்துக்கொண்டு அசைய வேண்டும். கண்டென்சரில் அந்தச் சுமை கிடையாது. தங்கம் பூசிய, சில மைக்ரான் கனமே உள்ள பிளாஸ்டிக் சவ்வு ஒன்று, அதற்குப் பின்னால் மிகச் சிறிய இடைவெளியில் அசையாத உலோகத் தகடு ஒன்று, அவ்வளவுதான். சவ்வு அசையும்போது இரண்டுக்கும் இடையிலான மின்தேக்கம் மாறுகிறது, அந்த மாற்றம் ஒலியின் மின் வடிவமாகிறது. தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இராத சவ்வு என்பதால், நகம் தந்தியை விட்டு விலகும் கணத்தைக்கூட அது தவறவிடுவதில்லை. 1916இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கில் இ. சி. வென்டே உருவாக்கியது முதல் இன்றுவரை அடிப்படை இதுதான்.

வேலை செய்ய இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். இன்டர்ஃபேஸில் 48 என்று எண் போட்டிருக்கும் பொத்தானை அழுத்தினால் அதே கேபிள் வழியாக 48 வோல்ட் மைக்குக்குப் போகும். இதைப் பாண்டம் பவர் என்கிறார்கள். கேபிளைச் செருகிய பிறகு அழுத்துங்கள். கழற்றுமுன் அணைத்துவிட்டு அரை நிமிடம் பொறுங்கள். நான் ஒரு நாள் பொறுக்காமல் பிடுங்கினேன். ஹெட்போனில் வெடித்த சத்தம் மாலை வரை காதை விட்டுப் போகவில்லை.

முகத்தைச் சரியாகத் திருப்பி வைத்ததும் மைக் கேட்கத் தொடங்கியது. வீணையோடு நிற்காமல் வீட்டையே கேட்டது. சமையலறை ஃபிரிட்ஜ், அடுத்த வீட்டுக் குக்கர், கொல்லையில் ஓடும் மோட்டார், முற்றத்து ஓட்டில் அணில், அத்தையின் மூச்சு, அவர் கண்ணாடி வளையல் வீணையின் தண்டியில் உரசும் ஓசை. என்னுடைய மைக் கார்டியாய்டு வகை. முன்னால் நன்றாகக் கேட்கும், நேர் பின்னால் காது மந்தம். ஆகவே மைக் எதைப் பார்க்கிறது என்பதைப் போலவே எதற்கு முதுகு காட்டுகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். சமையலறைக்கு முதுகு காட்டும்படி அத்தையையும் மைக்கையும் இடம் மாற்றினேன். வளையலை அத்தையே கழற்றிவிட்டார்.

எனக்கு மூன்று நாள் தண்ணி காட்டியது பீரோ. கூடத்து மூலையில் ஓர் இரும்பு பீரோ, கதவில் ஆளுயரக் கண்ணாடி. அத்தை அந்தர காந்தாரத்தைத் தொடும்போதெல்லாம் பதிவில் ஒரு ரீங்காரம் கூடவே எழுந்தது. மற்ற ஸ்வரங்களில் இல்லை. தந்தியை அழுத்தும் மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகு இளகிவிட்டதோ, அவற்றை வரிசையாகப் பதித்த மேளக்கட்டு தளர்ந்துவிட்டதோ என்று அத்தையையும் பதறவைத்தேன். மெழுகு கல்லாக இருந்தது. கடைசியில், பீரோவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த மாணவி ஒருத்திதான் முதுகில் கண்ணாடி அதிர்வதைச் சொன்னாள். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையில் பழைய பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகியதும் ரீங்காரம் நின்றது. அன்றிலிருந்து, மைக்கை நிறுத்துமுன் அறைக்குள் நடந்தபடி கீழிருந்து மேலாக ஒரு ஆரோகணத்தை வாய்விட்டு முனகிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. எந்த ஸ்வரத்துக்கு எந்தப் பாத்திரம் பதில் சொல்கிறது என்று தெரிந்துவிடும். பித்தளைக் குத்துவிளக்கு, ஜன்னல் கொக்கி, சுவர்க் கடிகாரம் எல்லாம் சந்தேகத்துக்குரியவை.

மின்விசிறி பெரிய பிரச்சினை. அதை நிறுத்தினால் பத்து நிமிடத்தில் வாசிப்பவர் விரல் வியர்த்துத் தந்தியில் வழுக்கும். விடியற்காலை என்றால் காக்கையும் ஒலிபெருக்கிச் சுப்ரபாதமும். இரவு என்றால் சுவர்க்கோழியும் தெருநாயும். எல்லா நேரங்களையும் முயன்று அலுத்திருந்தபோது தற்செயலாக ஒரு வழி கிடைத்தது. மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரத்தை நிறுத்தும் நாள் அது. செய்தித்தாளில் வந்த அறிவிப்பைக் கவனிக்காமல் ஊருக்குப் போயிருந்தேன். வந்த வேலை கெட்டது என்று உட்கார்ந்திருந்தபோதுதான் தெரு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது உறைத்தது. ஃபிரிட்ஜ் இல்லை, மோட்டார் இல்லை, மிக்சி இல்லை, எதிர்வீட்டுத் தொலைக்காட்சி இல்லை. மடிக்கணினியில் பேட்டரி இருந்தது. இன்டர்ஃபேஸ் யுஎஸ்பி வழியாக மடிக்கணினியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்வது, மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டையும் அதுவே தந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டுப் பதிவு செய்தோம். வழக்கமாக அடியில் ஓடிக்கொண்டிருக்கும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்கூட இல்லை. அதன் பிறகு நான் கும்பகோணத்துக்குப் போகும் தேதியை மின்தடை அறிவிப்புதான் தீர்மானிக்கிறது.

அமைதியான அந்த நாள் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. அதுவரை அறையின் சத்தம் என்று நினைத்திருந்த மெல்லிய ‘உஸ்’ ஒலி அப்போதும் போகவில்லை. அது மைக்கின் சொந்தச் சத்தம். கண்டென்சருக்குள் ஒரு சிறு மின்சுற்று இருப்பதால் அது எப்போதும் கொஞ்சம் இரைந்துகொண்டே இருக்கும். விவரத்தாளில் சுய இரைச்சல் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். என்னுடையதில் 20 டெசிபெல். ரோடு நிறுவனத்தின் என்டி1-ஏ போன்றவற்றில் அது 5 டெசிபெல்தான். மிருதங்கத்துக்கோ குரலுக்கோ இந்த வித்தியாசம் பெரிதில்லை. வீணையின் கமகம் ஓய்ந்து தந்தி அடங்கிக்கொண்டே போகும் கடைசி நான்கு விநாடிகளில் இது தெரியும். மெல்லிசைக் கருவிக்காக மைக் வாங்கப் போகிறவர்கள் விலைக்கும் பெயருக்கும் முன்னால் இந்த எண்ணைப் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி.

அறையைப் பற்றி நான் படித்ததில் மனத்தில் நின்றது வாலஸ் சபைனின் கதை. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அரங்கில் பேச்சே புரியாத அளவுக்கு எதிரொலி இருந்தது. இளம் பேராசிரியராக இருந்த சபைனிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் ஊர் அடங்கிய பிறகு பக்கத்துச் சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார், விடியுமுன் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். ஒலியை உறிஞ்சும் திறனுக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்பி வராது, ஆகவே அது முழு உறிஞ்சல்.

இதைப் படித்த பிறகுதான் அத்தை வீட்டுக் கூடம் ஏன் நன்றாக ஒலிக்கிறது என்று புரிந்தது. அதன் நடுவில் வானத்துக்குத் திறந்த முற்றம் இருக்கிறது. அதுவரை நான் ‘ஸ்டுடியோ’ என்றால் மூடிய சிறிய அறை என்று நினைத்து, நெல் குதிர் இருந்த உள்ளறையில் இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்திப் பதிவு செய்துகொண்டிருந்தேன். மெத்தை மேல்ஸ்தாயியின் பளபளப்பைத்தான் தின்றது. சின்ன அறையில் தேங்கும் கீழ்ஸ்தாயி உறுமல் அப்படியே இருந்தது. பஞ்சு கனத்தால் மட்டும் கீழ் ஒலிகளை அடக்க முடியாது. கூடத்துக்கு வந்து, அத்தை அமரும் இடத்திலும் மைக்குக்குக் கீழேயும் பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரித்ததோடு சரி. தரை மட்டும் கண்டிப்பாக மூடப்பட வேண்டும். தரையில் பட்டுத் தெறிக்கும் ஒலி ஒரு நொடியின் மிகச் சிறு பின்னம் தாமதித்து மைக்கை அடைந்து நேர் ஒலியோடு மோதி அதைக் குடைந்துவிடும்.

இனி அத்தையின் கேள்வி. முதலில் மைக்கை வீணைக் குடத்துக்கு ஒரு சாண் அருகில் வைத்திருந்தேன். கார்டியாய்டு மைக் ஒன்றைக் கிட்டத்தில் வைத்தால் கீழ் ஒலிகள் இயல்புக்கு மீறிப் பெருகும். அறிவிப்பாளர்களுக்கு அது கம்பீரம், வீணைக்குச் சளி பிடித்ததுபோல் இருந்தது. அதோடு மீட்டும் நகத்தின் ‘டிக்’ ஒலியும், இடது கை மெட்டில் நகரும் கீச்சும் பூதாகாரமாகத் தெரிந்தன. பின்னால் போகப் போக அந்தக் கீச்சு குறைந்தது, ஆனால் வீணையும் குறைந்து அறை பெரிதாயிற்று. தூரம் இரண்டு மடங்கானால் நேர் ஒலி 6 டெசிபெல் இறங்கும், அறையின் எதிரொலி இறங்காது. இரண்டுக்கும் நடுவில், குடத்துக்கு முன்னால் 60 சென்டிமீட்டரில் எடுத்ததுதான் அத்தை யாருடையது என்று கேட்ட பேகடா. எனக்கு அது பிடித்திருந்தது.

அவருக்குக் கேட்கும் வீணை வேறு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் காது வீணைக்கு மேலே இருக்கிறது. சுரைக்காய் இடது தொடையில் படிந்திருக்கிறது, குடத்தின் அதிர்வு உடம்பு வழியாகவும் போகிறது. பக்கத்தில் ஓடும் மூன்று தாளத் தந்திகள் எனக்கு ஒதுக்கமான ஒலி, அவருக்கு மிக அருகில். அடுத்த முறை மைக்கை அவர் வலது தோளுக்கு மேல், காதுக்குப் பக்கத்தில் கம்பத்தில் தொங்கவிட்டு, தந்திகளைத் தாங்கும் குதிரையை நோக்கித் திருப்பினேன். கேட்டுவிட்டு, "ஆ, வந்துவிட்டது" என்றார். அதையே அவருடைய மூத்த மாணவி கேட்டபோது முகம் சுளித்தார். "டீச்சர் வாசித்தால் இப்படியா இருக்கும்? தாளத் தந்தி காதில் குத்துகிறதே" என்றார். அவர் முப்பது ஆண்டுகள் எதிரில் உட்கார்ந்து கேட்டவர். இரண்டு பேருமே சரி.

வாசிப்பவருடைய காதா, எதிரில் இருப்பவருடைய காதா என்பதை மைக்கை நிறுத்துமுன் முடிவு செய்துகொள்ள வேண்டும். இது ரசனையும் மரியாதையும் சம்பந்தப்பட்டது, கருவியில் இதற்குப் பொத்தான் இல்லை. வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். கூடத்தில் தரையில் உட்கார்ந்து, ஓசைப்படாமல் கேட்ட ஒரு சிறு கூட்டத்துக்கான இசை அது. நான் அந்தக் காதைத் தேர்ந்தெடுத்தேன். ஜமக்காளத்தில் எதிரே அமர்ந்தவரின் காது உயரம், குடத்திலிருந்து 90 சென்டிமீட்டர், குதிரைக்கும் குடத்தின் விளிம்புக்கும் நடுவில் பார்வை, முற்றத்துக்கு மைக்கின் முதுகு. அத்தைக்கு அது முழுச் சம்மதம் இல்லை. "உனக்குக் கேட்கிற வீணையை நீ எடுத்துக்கொள்" என்று விட்டுவிட்டார். அவருக்காகத் தோள்மேல் வைத்து எடுத்த பதிவுகள் தனியாக இருக்கின்றன. சபாக்களில் வீணையில் ஒட்டும் காண்டாக்ட் மைக்கைப் பற்றி அவரிடம் பேச்செடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மைக்கின் பக்கத்தில் கீழ் ஒலிகளை வெட்டும் சிறு பொத்தான் ஒன்று இருந்தது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைக்கும். லாரி உறுமல் போகும் என்று ஆரம்பத்தில் அதை எப்போதும் போட்டே வைத்திருந்தேன். அத்தையின் வீணைக்கு மூன்று கட்டைச் சுருதி. எல்லாவற்றிலும் கீழே ஒலிக்கும் அனுமந்தரத் தந்தியின் பஞ்சமம் ஏறத்தாழ 62 ஹெர்ட்ஸில் இருக்கிறது என்று ஒரு நாள் கணக்குப் போட்டபோதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆறு மாதப் பதிவுகளில் தானம் வாசிப்பின் அடித்தளம் மெலிந்து கிடந்தது. புல்லாங்குழலுக்கும் வயலினுக்கும் அந்தப் பொத்தான் நல்லது. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் கை வைக்காதீர்கள்.

சுருதிப் பெட்டி தனி வழக்கு. மின்சாரச் சுருதிப் பெட்டியை மைக்கின் பின்பக்கம் வைத்தாலும் சுவரில் பட்டு முன்னால் வந்துவிடும். கலந்த பிறகு பிரிக்க முடியாது, நடுவில் வெட்டி ஒட்டினால் சுருதியின் அலை சட்டென்று துண்டுபடுவது எந்தக் காதுக்கும் தெரியும். ஹெட்போனில் சுருதியைக் கேட்டு வாசிக்கச் சொன்னேன். இளம் மாணவிகள் ஒரு காதில் மாட்டிக்கொண்டு அழகாக வாசிக்கிறார்கள். அத்தை இரண்டு நிமிடத்தில் கழற்றி எறிந்துவிட்டார். "சுருதி அறையில் இருக்க வேண்டும், காதில் இல்லை." ஆகவே அவர் பதிவுகளில் சுருதி கலந்தேதான் இருக்கிறது, வெட்டும் இல்லை ஒட்டும் இல்லை. தவறினால் முதலிலிருந்து வாசிக்கிறார்.

மிருதங்கம் வந்தபோது எதிர்ப்பக்கத் தொல்லைகள். வாசித்தவர் அதே தெருவில் இருக்கும் இளைஞர். கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவைச் சரிபார்க்க, கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள் என்றேன். அவர் பாவம், சபை மரியாதையாக மெதுவாகத் தட்டிக் காட்டினார். தனி ஆவர்த்தனத்தில் முத்தாய்ப்பான மோராவும் கோர்வையும் வந்தபோது பதிவு முழுக்கச் சிதைந்துபோயிற்று. டிஜிட்டலில் உச்ச அளவான பூஜ்யத்தைத் தாண்டினால் திரும்ப வழியில்லை. இப்போது முதலில் கோர்வையைத்தான் வாசிக்கச் சொல்கிறேன். அதன் உச்சம் பூஜ்யத்துக்கு 12 டெசிபெல் கீழே நிற்கும்படி வைத்துவிட்டால் பிறகு தொடுவதில்லை. 24 பிட்டில் பதிவு செய்தால் அந்த அளவு ஒன்றும் சன்னம் இல்லை. ‘சத்தமாகப் பதிவானால்தான் தரம்’ என்பது காந்த நாடாக் காலத்துப் பழக்கம்.

ஒரே மைக் என்றால் மிருதங்கத்தின் வயிற்றுக்கு எதிரே முக்கால் மீட்டரில் வையுங்கள். இரண்டு தலைகளும் இரு பக்கமும் சமமாக விழும். இடது தலையான தொப்பி மெலிந்தால் மைக்கை அந்தப் பக்கம் ஒரு கையகலம் நகர்த்தினால் போதும், கெயினைத் தொட வேண்டாம். நண்பரிடம் இரவல் வாங்கி இரண்டு மைக் வைத்த நாள் எனக்கு நல்ல பாடம். வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. தனித்தனியாகக் கேட்டால் பிரமாதம், இரண்டையும் சேர்த்தால் தொப்பியின் கும்கி, அந்த ஆழ்ந்த வழுக்கொலி, ஆவியாகிவிட்டது. ஒரு தலை உள்ளே போகும்போது அடைபட்ட காற்று மறு தலையை வெளியே தள்ளுகிறது. எதிரெதிரே நிற்கும் இரண்டு மைக்குகளுக்கும் அது தலைகீழான செய்தி, கூட்டினால் ஒன்றையொன்று தின்றுவிடும். மென்பொருளில் ஒரு தடத்தின் துருவத்தை மாற்றியதும் கும்கி திரும்பி வந்தது. காரணம் புரியும் வரை அன்று இரவு பதினொரு மணி ஆயிற்று. இன்னொன்று, விசிறி இல்லாத வெயில் நேரத்தில் தொப்பியில் அப்பிய ரவைப் பசை காய்ந்து சுருதி நகர்ந்துவிடும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஈரம் பார்த்துக்கொள்ள வாசிப்பவருக்கு அவகாசம் கொடுங்கள், அவராகக் கேட்கமாட்டார்.

வயலினுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வில்லின் கரகரப்பு கிட்டத்தில் கொடூரமாகக் கேட்கும். மேலிருந்து சாய்வாக 80 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அடங்கிவிடும். புல்லாங்குழலில் எல்லாரும் செய்யும் தவறு மைக்கை வாய்த்துளைக்கு நேரே வைப்பது. அந்த மெல்லிய சவ்வின்மேல் நேரடியாக ஊதினால் புயல் அடிக்கும். குழலின் ஒலி வாய்த்துளையிலிருந்தும், திறந்திருக்கும் விரல் துளைகளிலிருந்தும் சேர்ந்து வருகிறது. ஆகவே மைக் குழலின் நடுப்பகுதிக்கு எதிரே, சற்று உயரத்தில், காற்றோட்டத்துக்கு விலகி இருக்க வேண்டும். மூச்சை முழுவதும் ஒழித்துவிட முயலாதீர்கள். மூச்சே கேட்காத குழல் பொம்மை மாதிரி இருக்கிறது.

நாகஸ்வரத்தைக் கூடத்துக்குள் ஊதவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்திருந்ததால், ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்புக்குப் போனோம். மைக்கின் 10 டெசிபெல் தணிப்பை அழுத்தி, இரண்டரை மீட்டர் தள்ளி நிறுத்தினேன். லேசான காற்றுக்கே சவ்வு படபடத்து இடி முழங்கியது. ஸ்பாஞ்சு உறை போட்ட பிறகும் இலை அசைந்தால் கேட்டது. அதைவிட, வித்வான் பத்து நிமிடம் ஊதிவிட்டு ஊதுமுனைச் சீவாளியை எடுத்துப் பார்த்தார், மாற்றினார், மறுபடி ஊதினார், பிறகு நிறுத்திவிட்டார். "எங்கே ஊதினாலும் ஏதோ ஒன்று திருப்பிச் சொல்லும் தம்பி. இங்கே யாரும் பதிலே சொல்லவில்லை" என்றார். மண்டபமும் பிராகாரமும் தெருச்சுவரும் நாகஸ்வரத்தில் பாதி என்பதை நான் யோசித்திருக்கவில்லை. கடைசியில் அவரை அத்தை வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, மைக்கைக் கதவு திறந்த ரேழி வழியாகக் கூடத்தின் கோடியில் வைத்தேன். யாருமே நாகஸ்வரத்தை ஒரு முழம் தள்ளி நின்று கேட்டதில்லை. வீட்டுக்குள் இருந்தபடி, வாசலில் சுவாமி புறப்பாடு போகும்போது கேட்பதுபோல் அது வந்தது. என் பதிவுகளில் நானே திரும்பத் திரும்பக் கேட்பது அதைத்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மைக் தானாகவே பேசத் தொடங்கும். கடுகு பொரிவதுபோல் ஒரு வெடிப்புச் சத்தம். சவ்வுக்கும் தகட்டுக்கும் இடையில் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். பயந்து திறந்து துடைத்துவிடாதீர்கள். அந்தச் சவ்வில் விரல் பட்டால் அவ்வளவுதான். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு இரண்டு நாள் வைத்தபோது எனக்குச் சரியாகிவிட்டது. இப்போது அதன் நிரந்தர வீடே அந்த டப்பாதான். குளிர்சாதன அறையிலிருந்து எடுத்து நேராகப் புழுக்கத்தில் வைப்பதும் கூடாது. மூக்குக் கண்ணாடி மங்குவதுபோல் உள்ளே நீர் பூக்கும். டப்பாவோடு வைத்து அறைச் சூடு பிடித்த பிறகு திறக்கிறேன்.

போன வாரம் அத்தை தொலைபேசியில் அழைத்தார். வழக்கமாக நான்தான் அறிவிப்பைத் தேடுவேன், இம்முறை அவரே பார்த்துவிட்டார். வரும் வியாழக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை அவர் பகுதியில் மின்சாரம் இருக்காதாம். சாரணித் தந்தியைப் புதிதாக மாற்றிவிட்டதாகவும், அது இழுபட்டுச் சுருதியில் நிற்க நாலு நாள் ஆகும், அதற்குள் சரியாகிவிடும் என்றும் சொன்னார். வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் தயங்கி, "இந்தத் தடவை எதிரிலேயே வை. பெண்கள் சொல்வதையும் கேட்டுப் பார்க்கிறேன்" என்றார்.